திரும்பி வராத வெளிச்சம்

“மூணு மாசம் ஆச்சு சார். என் கட்டுரையில என்ன தப்புன்னாவது சொல்லுங்க.”

ஜொஹரா வாசலில் நின்றபடியே கேட்டாள். உள்ளே போய்க் கேட்டால் குரல் இறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

பேராசிரியர் எட்வின் ஜன்னலோரம் நின்றிருந்தார். திரும்பவில்லை.

“அளந்து காட்டுங்க” என்றார்.

“நாப்பத்தோரு தடவை அளந்தாச்சு.”

“நாப்பத்திரண்டு.”

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சிஷ்யைக்கு நாற்பத்தொன்பது.

ஜொஹரா இருபத்திரண்டு வருஷம் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவள். ஒரு மத்தியானம் விடைத்தாள் திருத்தும் இடைவேளையில், எட்வின் எழுதிய ஏழு பக்கக் கட்டுரை ஒன்றைப் படித்தாள். வெளிச்சத்தை ஒரு திசையில் மட்டும் போகவிடும் சிப் பற்றியது. படித்து முடித்தபோது டீ ஆறி ஆடை படிந்திருந்தது.

அடுத்த ஜூனில் வேலையை விட்டாள்.

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள், “முதல்ல என்ன படிக்கணும் சார்?” என்று கேட்டாள். எட்வின் லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்துக் கையில் கொடுத்தார். எட்டு மாதம் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுக்கு என்பது கண்ணில் பட ஆரம்பித்தது.

அவர் அப்படித்தான். கேட்டதற்குப் பதில் வராது. ஏதாவது ஒரு பொருள் கைக்கு வரும்.

நான்கு வருஷத்தில் அவளும் ஒரு சிப் செய்துவிட்டாள். சுண்டுவிரல் நகத்தளவு. அதற்குள் வெளிச்சம் ஓட ஒரு பாதை, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. பாதையின்மேல் கார்னெட் என்ற கல்லின் படலம். பக்கத்தில் ஒரு காந்தம். காந்தம் கல்லை ஆட்டிவைக்கும். கல் வெளிச்சத்தை ஆட்டிவைக்கும். இடமிருந்து வலம் போகிற வெளிச்சம் போய்விடும். வலமிருந்து வருவது நுழைய முடியாது.

லேசருக்கு அதன் வெளிச்சமே எதிரி. போன வெளிச்சம் எங்கேயோ முட்டித் திரும்பி வந்து அதன் வாய்க்குள் நுழைந்தால் லேசருக்குப் புத்தி பேதலித்துவிடும். அதைக் காக்கத்தான் இந்தச் சிப்.

ஜொஹரா மேஜையில் உட்கார்ந்தாள். சிப் ஏற்கெனவே தாங்கியில் இருந்தது. இரண்டு பக்கமும் வெளிச்சத்தைக் கொண்டுவரும் கண்ணாடி இழையை, ஃபைபரை, நேர்பிடித்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிற வேலை. ஒரு மயிரிழை தவறினாலும் வெளிச்சம் பாதைக்குள் இறங்காது.

இடமிருந்து வலம் விட்டாள். திரையில் கோடு உயர்ந்தது.

இணைப்பை மாற்றி, வலமிருந்து இடம் விட்டாள். கோடு தரையில் படுத்தது.

“போனது முந்நூறுன்னா, எதிர்ப்பக்கம் விட்டா வர்றது ஒண்ணு சார். அதே கணக்கு. நாப்பத்திரண்டு தடவையும்.”

குரலில் பெருமை வந்துவிட்டது. அவளால் மறைக்க முடியவில்லை.

எட்வின் அருகே வந்தார். வலது கையை நீட்டினார். மூடியிருந்த விரல்களைப் பிரித்தார்.

உள்ளங்கையில் காந்தம் இருந்தது.

ஜொஹராவுக்கு முதலில் புரியவில்லை. சிப்பின் பக்கம் குனிந்து பார்த்தாள். காந்தம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“எப்ப எடுத்தீங்க?”

“நீங்க வர்றதுக்கு முன்னாடியே.”



காந்தம் இல்லாத பாதை இருவழிப் பாதை. இதை அவளே இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாள். ‘பஸ் கண்ணாடியில உனக்கு டிரைவரோட கண்ணு தெரிஞ்சா, அவருக்கு உன் கண்ணு தெரியும்டீ. வெளிச்சம் போன வழியில வரும்.’ பிள்ளைகள் சிரிப்பார்கள். இரண்டு மதிப்பெண் கேள்வி அது.

அந்த விதியை உடைக்கக் காந்தம் வேண்டும். இங்கே காந்தம் அவர் கையில் இருக்கிறது. வெளிச்சமோ இன்னும் ஒரு வழியில்தான் போகிறது.

“இருக்காது சார்” என்றாள். உடனே காரணமும் கிடைத்தது. “கார்னெட்டே கொஞ்சம் காந்தத்தைப் பிடிச்சு வச்சுக்கும். வெளிக்காந்தத்தை எடுத்துட்டாலும் ஒண்ணும் தெரியாது. உங்க கட்டுரையிலேயே எழுதியிருக்கீங்க, அஞ்சாம் பக்கம்.”

எட்வினின் முகத்தில் ஏதோ அசைந்தது.

“எழுதியிருக்கேன்” என்றார்.

“அப்ப சரிதானே?”

அவர் சிப்பையே பார்த்தார்.

அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. சட்டென்று எழுந்து இழுப்பறையைத் திறந்தாள். அதே சிலிக்கான் தட்டில் செய்து வெட்டிய இன்னொரு சிப் அதில் கிடந்தது. கார்னெட் ஒட்டும்போது படலம் விரிசல் விட்டதால், கல்லே இல்லாமல் வெறுமனே விட்டுவைத்தது. வெறும் சிலிக்கான். இதில் வெளிச்சம் இரண்டு பக்கமும் ஓடியே ஆக வேண்டும். ஓடினால் தன் வாதம் நிற்கும்.

நேர்பிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. எட்வின் நின்றுகொண்டே இருந்தார்.

இடமிருந்து வலம். கோடு உயர்ந்தது.

வலமிருந்து இடம்.

கோடு தரையில் படுத்தது.

காந்தம் இல்லை. கல்லும் இல்லை. வெளிச்சம் ஒரு வழியில்தான் போகிறது.

ஜொஹரா கையை மேஜையிலிருந்து எடுத்தாள். எதையோ தொடக்கூடாததைத் தொட்டுவிட்ட மாதிரி இருந்தது. நான்கு வருஷத்தில் மூன்று வருஷம் அந்தக் கல்லை ஒட்டுவதற்கே போனது. எத்தனை படலம் உடைந்தது, எத்தனை நாள் உலைக்கு முன்னால் நோன்போடு நின்றாள். அந்தக் கல் இருந்ததும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

“அப்ப இது எப்படி சார் வேலை செய்யுது?”

எட்வின் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பியை எடுத்துத் திறந்தார். உள்ளே பொன் பூசிய ஒரு துணுக்கு, அரிசி நொய்யளவு. கண்ணாடி.

“வெளிச்சம் வெளியே வர்ற முனையில ஒட்டி வைங்க.”

“வச்சா?”

“வைங்க.”

இடுக்கியால் எடுத்து வைத்தாள். இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாவது முறை ஒட்டி நின்றது. இடப்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை விட்டாள்.

லேசரின் கோடு திரையில் ஊசி மாதிரி நேராக நிற்பது வழக்கம். அது நடுங்கியது. பிளந்தது. இரண்டாகி, நாலாகி, திரை முழுக்கப் புதராய் மண்டியது.

“அணைங்க!” என்றார் எட்வின்.

அணைத்தாள்.

போன வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, அதே பாதையில், தடையே இல்லாமல் திரும்பி வந்திருக்கிறது. அணைக்கும் முன் திரையோரத்தில் தெரிந்த எண், நூற்றுக்கு எண்பத்தெட்டு.

அவள் கண்ணை மூடி நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. 

பாதைக்குள் வெளிச்சம் நடுவில் ஒரே பிரகாசமான புள்ளியாக, ஒற்றைப் பொட்டாக நுழைகிறது. போகிற வழியில் இரட்டைப் பொட்டாக மாறி வெளியே வருகிறது. அதை அளக்கும் கருவிக்குப் பொட்டு ஒன்றா இரண்டா என்று தெரியாது. வந்ததை எல்லாம் சேர்த்து எண்ணும். எதிர்ப்பக்கம் சோதிக்கும்போது அவள் அனுப்பியதோ ஒற்றைப் பொட்டு. அதற்கு இந்தப் பாதையில் அந்தப் பக்கத்திலிருந்து வழி கிடையாது. இரட்டையாக அனுப்பியிருந்தால் தாராளமாக வந்திருக்கும்.

நாற்பத்திரண்டு தடவையும் வேறு வெளிச்சத்தை அனுப்பிவிட்டு, வரவில்லை, வரவில்லை என்று எழுதி வைத்திருக்கிறாள். போன வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிப் பார்க்கவே இல்லை.

முக்காலியில் உட்காரப் போனவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“மூணு மாசம் முன்னாடி. ஒரு நாள் காலையில வந்தேன். நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. மேஜை ஆடியிருக்கும் போல, காந்தம் கீழே விழுந்து கிடந்துச்சு. திரையில கோடு அசையவே இல்ல.”

இவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை.

“மூணு மாசம்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சார்? நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உங்க வாசல்ல வந்து நின்னேனே! என் பிள்ளை போன் போட்டு, ‘உம்மா, டாக்டர் ஆயிட்டியா’ன்னு கேக்கிறான். இந்தா, அடுத்த வாரம்டா, அடுத்த வாரம்டான்னு...”

அழுகை வந்துவிட்டது. கோபத்தில்தான் அழுகிறோம் என்று அவளே நினைத்துக்கொண்டாள்.

எட்வின் வெளியே போனார்.

போய்விட்டார் என்றுதான் நினைத்தாள். ஆனால் நடையில் சாவி திருகும் சத்தம் கேட்டது. கண்ணாடி அலமாரி திறக்கும் சத்தம். அவர் திரும்பி வந்தபோது இரண்டு கைகளிலும் ஒரு நீலப் பட்டுப் பெட்டி இருந்தது.

ஜொஹரா எழுந்து நின்றாள்.

அந்தப் பெட்டி எல்லோருக்கும் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால் எட்வின் செய்த முதல் சிப் அதில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் அலமாரி அருகே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதைப் பற்றி எழுதிய ஏழு பக்கம்தான் ஜொஹராவை இங்கே கொண்டுவந்தது. அந்த ஏழு பக்கத்தை நம்பி இன்னும் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். அவள் சிப்பின் பாதையும் அதைப் பார்த்துப் போட்டதுதான். ஒரு வளைவுகூட மாற்றவில்லை.

எட்வின் பெட்டியை மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் அந்தப் பொன் துணுக்கை வைத்தார்.

“அளங்க.”

“சார்...”

“அளங்க மேடம்.”

“இதை நீங்க இன்னும் அளக்கலையா?”

“மூணு மாசமா எடுத்து வெளியே வைப்பேன். அப்புறம் உள்ளே வச்சுப் பூட்டிருவேன்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சவரம் செய்யாத, தூங்காத முகம். வெள்ளிக்கிழமைகளில் வாசலில் நின்றபோது இந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. அவர் எப்போதும் ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பார்.

“ஒருவேளை உங்களது சரியா இருக்கலாம் சார். என்னுது மட்டும் தப்பா இருக்கலாம்.”

“இருக்கலாம்” என்றார் எட்வின். போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டார். திரைக்கு முதுகு.

நேர்பிடித்தாள். எட்டு வருஷப் பழைய சிப். விளிம்பில் தூசு இருந்தது. துணியால் துடைத்தாள். கண்ணாடித் துணுக்கை வெளிமுனையில் ஒட்டினாள். லேசருக்கு ஆபத்து வராமல், அது விடும் வெளிச்சத்தை நூறில் ஒரு பங்காகக் குறைத்தாள். கருவியைத் திரும்பி வரும் வெளிச்சத்தைப் பார்க்கும்படி வைத்தாள்.

சரியான சிப் என்றால் எண் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது.

பொத்தானை அழுத்தினாள்.

எண்பத்தாறு.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எண்பத்தாறு. கடைசி இலக்கம் ஐந்துக்குப் போய் மறுபடி ஆறுக்கு வந்தது. 

எட்வின் திரும்பவில்லை. தோள்கள் மட்டும் இறுகியிருந்தன.

திரையைப் பார்க்கிற ஆள் அவள் ஒருத்திதான். இப்போது ‘ஒண்ணு சார்’ என்று சொல்லலாம். அவர் நம்புவார். நம்பத்தான் ஆசைப்படுகிறார். பெட்டியைப் பூட்டி அலமாரியில் வைத்துவிடலாம். தவறு செய்தது சிஷ்யை மட்டும் என்று முடிந்துபோகும். குரு மிஞ்சுவார். அவள் வேலையை விட்டு வந்ததற்குக் காரணம் மிஞ்சும்.

ஒரே ஒரு எண்தான்.

“எவ்வளவு?” என்றார் எட்வின், சுவரிடம்.

“எண்பத்தாறு சார்.”

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

எட்வின் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டார்.  விழுந்துவிடுவாரோ என்று பயந்து ஜொஹரா பக்கத்தில் போனாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கி முழுதும் குடித்தார்.

“கண்ணாடி சரியா ஒட்டியிருக்கா?” என்று கேட்டார்.

“ஒட்டியிருக்கு.”

“இன்னொரு தடவை அளந்தா?”

அவள் காலி பாட்டிலை வாங்கி மூடினாள்.

“சரி” என்றார்.

அன்று சாயங்காலமே அவர் கட்டுரை வெளிவந்த பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஏழு பக்கக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக. நாலே வரி. காரணம் ஒரு வரி. கடிதத்தில் அவளுடைய அளவீடுகளையும் அவள் பெயரையும் சேர்த்திருந்தார்.

அடுத்த பத்து நாள் ஆராய்ச்சிக்கூடம் இழவு வீடு மாதிரி இருந்தது. இயக்குநர் அறைக் கதவு மூடியிருந்தும் அவர் கத்தியது நடை முழுக்கக் கேட்டது. இரண்டு மாணவர்கள் வேறு பேராசிரியரிடம் மாறிக்கொண்டார்கள். வெளியூர்களிலிருந்து மின்னஞ்சல்கள் வந்தன. ஒருவர், ‘என் ஆறு வருஷத்தைத் திருப்பிக் கொடு’ என்று மட்டும் எழுதியிருந்தார். எட்வின் அதற்கு மட்டும் மூன்று பக்கம் பதில் எழுதினார்.

ஜொஹரா சொந்த ஊரான மேலப்பாளையம் போய்ப் படுத்துவிட்டாள். பதினைந்து நாள் யாரிடமும் பேசவில்லை. வீட்டில் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பதினாறாம் நாள் அவள் கேட்காமலே வீட்டுக்காரர் ரயில் டிக்கெட் எடுத்து வந்து தலைமாட்டில் வைத்தார்.

அவள் திரும்பி வந்தபோது எட்வின் மேஜையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். புதிய சிப். பாதையை ஒற்றைப் பொட்டு மட்டும் நுழையும்படி ஒடுக்கியிருந்தார். அதன்மேல் கல். பக்கத்தில் காந்தம். ஃபைபரை நேர்பிடிக்க முயன்றுகொண்டிருந்தார். வருஷக்கணக்கில் கையால் செய்யாத வேலை. வெளிச்சம் இறங்க மாட்டேன் என்றது.

ஜொஹரா பையைக் கீழே வைத்தாள். அவர் எழுந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷத்தில் கோடு உயர்ந்தது.

கண்ணாடியை வைத்து அளந்தார்கள். காந்தத்தை எடுத்தபோது திரும்பி வந்தது அறுபது. வைத்தபோது நாற்பத்தேழு. வெறும் பதின்மூன்று வித்தியாசம். ஒரு வாசலைக் காக்க அது எந்த மூலைக்கும் காணாது. ஆனால் காந்தத்தை எடுக்க எடுக்க எண் ஏறியது, வைக்க வைக்க இறங்கியது. இருவரும் மாறி மாறி எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

“மேடம்” என்றார் எட்வின். “ஒண்ணு கேக்கலாமா?”

நான்கு வருஷத்தில் அவர் அவளிடம் அளவைத் தவிர வேறு எதையும் கேட்டதே இல்லை. ஜொஹராவின் கை காந்தத்தோடு அப்படியே நின்றது.

“கேளுங்க சார்.”

“அன்னிக்கு நான் சுவரைப் பார்த்துத்தான் நின்னேன். நீங்க என்ன எண் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேன். அது உங்களுக்கும் தெரியும்.”

“தெரியும்.”

“எனக்கு மூணு மாசம் முடியலை. உங்களுக்கு எப்படி முடிஞ்சுது?”

அவள் யோசித்தாள். உண்மையில் அவளுக்கும் அது தெரியாது. எத்தனையோ தடவை தனக்குள்ளேயே கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

“யோசிக்க உங்களுக்கு மூணு மாசம் இருந்துச்சு சார்” என்றாள். “எனக்கு ஒரு நிமிஷம்தான் இருந்துச்சு.”